கார் ஷெட்டுக்கும் காருக்கும் சேர்த்து 6,000 ரூபாய்க்குள் எந்த வேக்குவம் கிளீனர் வாங்கலாம்?

தச்சுப்பிரியன், கோவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டை ஒட்டி 20 அடி நீளமும் 11 அடி அகலமும் கொண்ட ஒரு கார் ஷெட் இருக்கிறது. முன்பகுதியில் கார் நிற்கும். பின்சுவரை ஒட்டி ஒரு மேசையைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கு, வேங்கைத் துண்டுகளைக் கொண்டு முக்காலி, சிறிய அலமாரி போன்றவற்றைச் செய்து வருகிறேன். வேலை முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்கினால் சீவல்கள் மட்டுமே முறத்துக்கு வருகின்றன. உப்புத்தாள் தேய்த்த நுண்தூள் எழும்பிக் கார் மீதும், கொடியில் காயும் துணிகள் மீதும் படிகிறது. என் தந்தைக்கு மூச்சிரைப்பு இருப்பதால் இது எனக்கு உண்மையான கவலையாகிவிட்டது.

காரின் நிலையும் இதேதான். மகள் கைப்பந்துப் பயிற்சி முடித்து வரும்போது காலணியில் மைதானத்து மண் வருகிறது. அது மிதியடிக்கு அடியிலும், இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்திலும் போய் அடைந்துகொள்கிறது. கையால் எடுக்கவும் முடியவில்லை, ஈரத்துணியால் துடைத்தால் சேறாகிவிடுகிறது.

கடைகளில் மூன்று வகைகளைக் காட்டினார்கள். காரின் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் கருவி ஏறத்தாழ 1,200 ரூபாய். கையடக்கமான பேட்டரிக் கருவி 3,000 ரூபாய். ஈரத்தையும் உலர் தூசியையும் இழுக்கும் டிரம் வகை 4,500 முதல் 7,000 ரூபாய் வரை. ஒவ்வொன்றின் பெட்டியிலும் ‘1000 வாட்’, ‘1600 வாட்’, ‘20 கிலோபாஸ்கல்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாட் கூடினால் இழுப்பும் கூடுமா? இரண்டு வேலைகளுக்கும் ஒரே கருவி போதுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

காயில்கட்டி, ஈரோடு

வணக்கம். மோட்டார் காயில் கட்டுவதும் மிக்சி, கிரைண்டர், வேக்குவம் கிளீனர் பழுதுபார்ப்பதும் என் தொழில் என்பதால், கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வாட் என்பது கருவி சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தூசியை இழுக்கும் வலிமையின் அளவு அன்று. உலர் தூசிக்கான வீட்டு வேக்குவம் கிளீனர்கள் 2014 செப்டம்பரிலிருந்து 1,600 வாட்டுக்குக் குறைவாகவும், 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. அதன்பிறகும் அங்கே வீடுகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, ஏனென்றால் விசிறியின் வடிவமும் காற்று செல்லும் பாதையும் சரியாக இருந்தால் குறைந்த வாட்டிலேயே வேலை நடந்துவிடும்.

பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள். ஒன்று இழுப்பழுத்தம், கிலோபாஸ்கல் கணக்கில் சொல்வார்கள். 10 கிலோபாஸ்கல் என்றால் நிற்கும் தண்ணீரைக் குழாயில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு இழுத்துப் பிடிக்கும் வலிமை. இன்னொன்று காற்றோட்டம், வினாடிக்கு எத்தனை லிட்டர் காற்று செல்கிறது என்பது. கம்பளத்தின் இழைக்குள் புதைந்த மணலைப் பிடுங்க அழுத்தம் வேண்டும்; பிடுங்கிய மணலையும் மரச்சீவலையும் குழாய் வழியே டிரம் வரைக்கும் தூக்கிச் செல்லக் காற்றோட்டம் வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் அழுத்தம் குழாயின் வாயை முழுதாக அடைத்து அளந்தது, அந்த நிலையில் காற்றோட்டம் பூச்சியம். அதிகபட்சக் காற்றோட்டமோ வாயை முழுதாகத் திறந்து அளந்தது, அப்போது அழுத்தம் பூச்சியம். உண்மையான வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது. ஆகவே அழுத்தத்தை மட்டும் அச்சிட்டுக் காற்றோட்டத்தைச் சொல்லாத பெட்டியைக் கண்டால், குழாயின் விட்டத்தைப் பாருங்கள். அதே அளவு காற்று செல்ல வேண்டுமானால், விட்டம் பாதியாகும்போது அழுத்த இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகிறது. குழாயைச் சிறிதாக்கிய உற்பத்தியாளர் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் பயன் குறைவு. உங்கள் வேலைக்கு 32 முதல் 35 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும்.

12 வோல்ட் கருவியைப் பற்றி ஒரு சிறு கணக்கு. கார்களில் அந்தத் துளைக்குரிய ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். டாஷ்போர்டின் மேல் படிந்த தூசிக்கும், குழந்தை சிந்திய பொரிக்கும் அது போதும். தண்டவாளத்தில் இறுகிய மைதானத்து மண்ணை அது அசைக்காது.

எனவே உங்களுக்கு ஏற்றது டிரம் வகையே. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண வீட்டுக் கருவிகளில் தூசியோடு வந்த காற்றே வடிகட்டியைத் தாண்டி மோட்டாரின் மேல் பாய்ந்து அதைக் குளிரவைக்கும். டிரம் வகையில் மோட்டாரைக் குளிரவைக்கும் காற்றுக்குத் தனி வழி இருக்கும், ஏனென்றால் ஈரக்காற்று காயிலில் படக்கூடாது. ஆகவே வடிகட்டி பாதி அடைபட்டாலும் மோட்டார் உடனே சூடேறாது. என் மேசைக்கு எரிந்து வரும் வேக்குவம் மோட்டார்களில் பெரும்பாலானவை உலர் வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே அனேகமாகச் சிமெண்ட் தூளோ மரத்தூளோ இருக்கும்.

வேளச்சேரிவாசி

ஈரம் இழுக்கும் வசதி எப்போதாவதுதான் தேவைப்படும் என்று எண்ணிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காரின் கதவிடுக்கு வழியே புகுந்து, தரைக்கம்பளம் முழுவதும் நனைந்துவிட்டது. மெக்கானிக் வந்து சேர ஒன்பது நாட்கள் ஆகின. அதற்குள் காரைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கொடுத்த டிரம் வேக்குவம்தான்.

அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். கம்பளத்தின் அடியில் தடித்த பஞ்சுப் படுகை ஒன்று இருக்கிறது. தண்ணீரை உண்மையில் குடித்து வைத்திருப்பது அதுதான். மேலே காய்ந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வீசும். காலால் அழுத்தமாக மிதித்து, மிதித்த இடத்திலேயே இழுத்து, அரை மணி நேரம் விட்டு மீண்டும் இழுக்க வேண்டும். முடிந்தால் கதவோரப் பட்டையைக் கழற்றிக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிவிடுங்கள். ஈரத்தை இழுக்கும் முன் காகித வடிகட்டியைக் கழற்றிவிட்டுப் பஞ்சு வடிகட்டியை மாட்ட வேண்டும். இதை மறந்தால் காகிதம் கூழாகிவிடும். டிரம்மில் தண்ணீர் ஏறியதும் உள்ளே இருக்கும் மிதவை மேலெழுந்து காற்றுவழியை அடைத்துவிடும், மோட்டாரின் சத்தம் திடீரென்று கீச்சென்று மாறும். அந்தக் கணமே அணைத்துவிடுங்கள்.

வாங்கும்போது டிரம்மின் அடியில் வடிகால் துளையும் மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். 12 லிட்டர் தண்ணீர் என்பது 12 கிலோ. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கிக் கவிழ்த்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஈரத்தரையில் நின்றுகொண்டு மின்கருவியை இயக்குவதால், அந்த இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி இருப்பது கட்டாயம் என்றே சொல்வேன்.

நான்காம்மாடி, சென்னை

மேலே எழுதியவர்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையை என்னைப் போல அடுக்குமாடியில் குடியிருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் மாற்றுக்கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவருக்கும் மின்துளை கிடையாது. டிரம் கருவி ஒன்றை வாங்கி, நான்கு மாடி இறக்கி, காவலாளியின் அறையிலிருந்து ஒயர் இழுத்து, ஆண்டில் இரண்டு முறைதான் பயன்படுத்தினேன். பிறகு துளையிடும் கருவிக்காக நான் ஏற்கெனவே வைத்திருந்த 18 வோல்ட் பேட்டரியையே ஏற்கும் வேக்குவத்தை, பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கினேன். இப்போது வாரம் ஒருமுறை கார் சுத்தமாகிறது.

பேட்டரிக் கருவி வாங்குபவர்கள் வோல்ட்டை மட்டும் பார்க்காமல் பேட்டரியின் மொத்தத் திறனைக் கணக்கிட வேண்டும். 18 வோல்ட், 4 ஆம்பியர் மணி என்றால் 72 வாட் மணி. 200 வாட் இழுக்கும் கருவி அதில் ஏறத்தாழ 21 நிமிடம் ஓடும். ஒரு ஹேட்ச்பேக் காருக்கு அது போதுமானது. பேட்டரியின் திறனை எங்கும் அச்சிடாமல் ‘9000 பாஸ்கல்’ என்று மட்டும் எழுதியிருக்கும் கருவியை வாங்க வேண்டாம். 9000 பாஸ்கல் என்பது 9 கிலோபாஸ்கல்தான், எண்ணைப் பெரிதாகக் காட்டவே அந்த அலகைப் போடுகிறார்கள். கேள்வி கேட்டவருக்கு ஷெட்டிலேயே மின்சாரம் இருப்பதால் டிரம் வகையே சரி என்பதில் எனக்கும் உடன்பாடுதான்.

இழைப்புளி, நாகர்கோவில்

தம்பி, நீங்கள் தேக்குத் தூளைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளாகத் தச்சுத் தொழிலில் இருக்கிறேன். காரைவிட உங்கள் தந்தையின் மூச்சும் உங்கள் மூச்சும் முக்கியம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. ஆகவே வேக்குவம் வாங்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று கருத வேண்டாம். விலை குறைந்த டிரம் கருவியின் வடிகட்டி பெருந்தூளைப் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய தூளில் ஒரு பங்கைக் காற்று வெளியேறும் துளை வழியே மீண்டும் ஷெட்டுக்குள்ளேயே துப்பிவிடும். கருவியை ஷெட்டின் வாசலுக்கு வெளியே வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் அணியுங்கள். தந்தையார் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் காகித வடிகட்டியின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுவார்கள், நானும் கட்டியிருக்கிறேன். ஒற்றைச் சுற்று மெல்லிய துணி என்றால் பெருந்தூளைத் தடுத்துக் காகிதத்தின் ஆயுளைக் கூட்டும். இரண்டு மூன்று சுற்று கட்டினால் இழுப்பு செத்துவிடும். இதைவிட நல்ல வழி, கருவிக்கு முன்னால் ஒரு சுழல் பிரிப்பானை வைப்பது. பிளாஸ்டிக் கூம்பு வடிவில் இருக்கும் அதை 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மூடியில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். காற்று உள்ளே சுழலும்போது கனமான தூள் சுவரில் மோதி வாளியில் விழுந்துவிடும், மிச்சம் மட்டுமே வேக்குவத்துக்குப் போகும். எனக்குத் தூளின் பெரும்பகுதி வாளியிலேயே தங்குகிறது. வடிகட்டியை வாரந்தோறும் தட்டிய நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் தட்டுகிறேன்.

வாளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. குழாயின் வாய் தற்செயலாக அடைபட்டால் கருவியின் முழு அழுத்தமும் வாளியின் மேல் வரும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் மேல் 20 கிலோபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 140 கிலோ எடையை ஏற்றியதற்குச் சமம். மெல்லிய வாளி பட்டென்று உள்வாங்கி நசுங்கிவிடும். ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் தாங்கும்.

தச்சுப்பிரியன், கோவை

இத்தனை பொறுமையாக எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கருவியை வெளியே வைக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று அளந்து பார்த்தேன். வாசலில் கருவியை வைத்தால் மேசை வரைக்கும் ஐந்து மீட்டர் குழாய் வேண்டும். கருவியோடு வருவதோ ஒன்றரை மீட்டர்தான். ஷெட்டில் இருப்பது விளக்குக்காகப் போட்ட 6 ஆம்பியர் துளை ஒன்று மட்டும். 1,600 வாட் கருவியை அதில் மாற்றுச் செருகி போட்டு ஓட்டலாம் என்று கடைக்காரர் சொன்னார். இது சரியா? அதே ஷெட்டில் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றுவதும் உண்டு, தரையில் சிந்தியதை இதனாலேயே இழுத்துவிடலாமா?

காயில்கட்டி, ஈரோடு

மாற்றுச் செருகி வேண்டவே வேண்டாம். 1,600 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர் வரும். மோட்டார் கிளம்பும் கணத்தில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். விளக்குக்காகப் போட்ட மெல்லிய ஒயரில் இதை அரை மணி நேரம் ஓட்டினால் துளையின் பித்தளை சூடேறி, பிளாஸ்டிக் உருகி, ஒருநாள் தீயில் முடியும். உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. 1,000 அல்லது 1,200 வாட் கருவியை வாங்குங்கள். 1,200 வாட் என்றால் 5.2 ஆம்பியர், 6 ஆம்பியர் துளையின் எல்லைக்குள் அடங்கும், ஒயரிங் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அல்லது எலக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டின் மின்பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் துளை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் வட்ட ரம்பம் வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வழிதான் நல்லது. நீட்டிப்பு ஒயர் பயன்படுத்தினால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயராக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடியே ஓட்டாமல் முழுதாக விரித்துவிடுங்கள்.

ஐந்து மீட்டர் குழாய் வேண்டாம். நெளிவுக் குழாயின் உட்சுவர் வரிவரியாக இருப்பதால் ஒவ்வொரு மீட்டரும் காற்றோட்டத்தைத் தின்னும். கூடுதலாக இரண்டு மீட்டர் வாங்கி, கருவியை ஷெட்டின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே நிழலில் வைத்துக் குழாயை ஜன்னல் வழியே விடுங்கள். காருக்கும் அந்த நீளமே போதும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு மிகத் தெளிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். பெட்ரோல், தின்னர், டர்பன்டைன் போன்றவற்றை எந்தக் காரணத்தைக் கொண்டும் இழுக்கக்கூடாது, அவை சிந்திய இடத்தின் அருகே கருவியை இயக்கவும் கூடாது. இந்த மோட்டார்களில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் எப்போதும் சிறு பொறி பறந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் ஆவி அங்கே சேர்ந்தால் டிரம்மே வெடிக்கும். எஞ்சின் ஆயில் அவ்வளவு எளிதில் தீப்பற்றாது என்றாலும் வடிகட்டியையும் குழாயையும் பாழாக்கிவிடும்; மரத்தூளையே அதன் மேல் தூவி ஊறவைத்து அள்ளி எறியுங்கள். கிரைண்டரில் இரும்பு தேய்த்த பொறித்துகள்களை ஆறும் முன் இழுத்தால் டிரம்மில் இருக்கும் மரத்தூள் புகைய ஆரம்பிக்கும், அது தீயாகிறதைப் பல மணி நேரம் கழித்துத்தான் கவனிப்பீர்கள். பழைய வண்டிகளின் பிரேக் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அதையும் இழுக்காமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கடையில் இயக்கிப் பாருங்கள். குழாயின் வாயை உள்ளங்கையால் மூன்று வினாடி மூடினால் சத்தம் சட்டென்று உயர வேண்டும். உயராவிட்டால் மூடியிலோ இணைப்பிலோ காற்று கசிகிறது என்று பொருள். டிரம்மின் ரப்பர் வளையத்தை விரலால் தடவி, தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாற்று வடிகட்டியும் கார்பன் பிரஷும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்றால் ஒரு வடிகட்டியைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். கார்ச்சர், அகாரோ, இனால்சா, யுரேகா ஃபோர்ப்ஸ் என்று பல நிறுவனங்கள் இந்த வகையை விற்கின்றன. எதை வாங்குவது என்பதைப் பெயரைக் காட்டிலும் உங்கள் வீட்டிலிருந்து சேவை மையம் எவ்வளவு தூரம் என்பதை வைத்தே நான் முடிவு செய்வேன்.

தச்சுப்பிரியன், கோவை

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். 1,200 வாட், 35 மில்லிமீட்டர் குழாய், வடிகால் மூடி கொண்ட டிரம் கருவி ஒன்றை 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். மாற்று வடிகட்டிக்கு 450 ரூபாய் ஆனது. எலக்ட்ரீஷியன் வந்து ஷெட்டின் ஒயரிங்கைச் சோதித்து, துளையை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தார்.

காரில் நான் கற்றுக்கொண்டது, இழுப்பதற்கு முன் கிளறிவிட வேண்டும் என்பதே. தண்டவாளத்து மண்ணை வெறும் இடுக்கு முனையால் இழுத்தபோது பாதிகூட வரவில்லை. பழைய பல்துலக்கியால் ஒரு கையில் கிளறிக்கொண்டே மறு கையில் இழுத்தபோது சரசரவென்று வந்துவிட்டது. இருக்கையை முழுதாகப் பின்னுக்குத் தள்ளி ஒருமுறையும், முன்னுக்குத் தள்ளி ஒருமுறையும் செய்ய வேண்டியிருந்தது. மிதியடிகளை வெளியே தட்டிவிட்டுத்தான் இழுக்கிறேன்.

ஷெட்டில் கருவி ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. பெயிண்ட் வாளிகள் இரண்டு கிடைத்துவிட்டன. கூம்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. நாகர்கோவில் அண்ணனிடம் ஒரு கேள்வி: மூடிக்கும் கூம்புக்கும் இடையே காற்று கசியாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக வைத்தால் போதுமா, சிலிக்கான் பூச வேண்டுமா?

இழைப்புளி, நாகர்கோவில்

டியூப் போதும், தம்பி. ஆனால் திருகாணிகளை நான்குக்குப் பதிலாக ஆறு போடுங்கள். சிலிக்கான் பூசிவிட்டால் பிறகு கூம்பைக் கழற்றிக் கழுவ முடியாது.